குறியாள்

அங்ரூப் செத்து இரண்டு பனிக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் செண்பகராமன் எந்த மலை முகட்டில் ஹெலிகாப்டரை இறக்கப் போனாலும், அவருக்கு முன்னால் அங்ரூப் அங்கே வந்து மண்டியிட்டிருந்தான்.

அதே சிவப்பு மேல்சட்டை. காதை மூடிய அதே கம்பளித் தொப்பி. இரண்டு முழங்காலையும் பனியில் ஊன்றி, சறுக்குக் கட்டைகளை ஒரு கட்டாக நெஞ்சோடு அணைத்து, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, உயிரோடு இருந்தபோது பதினொரு வருடம் எப்படி உட்கார்ந்தானோ அப்படியே உட்கார்ந்திருந்தான். விசிறிக் காற்றில் பனி புகையாகக் கிளம்பும். அவன் சட்டை மட்டும் அசையாது.

பேய் பிசாசு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி வரைந்து காட்டும் உருவம் அது. கம்பெனி அதை வாங்கி மாட்டியது இந்த வருடம்தான். செண்பகராமனுக்கு வயது அறுபத்தொன்று. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம், இந்தப் பள்ளத்தாக்கில் பதினான்கு வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஒரு இயந்திரம் போட்ட படத்தைப் பார்த்து நெஞ்சு திடுக்கென்கிறது என்று வெளியே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

இமாச்சலத்து லாகூல் பள்ளத்தாக்கில் பனி மூன்று ஆள் உயரத்துக்கு விழும். அதில் சறுக்கி விளையாட எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அவர்களைப் பதிமூவாயிரம் அடி உயரத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் சறுக்கி வந்து சேரும் அடிவாரத்தில் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நடை. சொல்லிக் கேட்டால் டவுன் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும். மேகம் மூடிய நாளில்தான் இந்த வேலையின் மறுமுகம் தெரியும். வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. காலுக்குக் கீழே பனி இரண்டடியில் இருக்கிறதா, இருபதடியில் இருக்கிறதா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் குறியாள். முதல் நடையில் போகும் மலை வழிகாட்டி, ஹெலிகாப்டர் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு கை தள்ளி மண்டியிடுவான். அத்தனை வெள்ளைக்குள்ளும் பைலட்டின் கண்ணுக்குத் தட்டுப்படும் ஒரே பொருள் அவன்தான். உயரம், சரிவு, தூரம் எல்லாம் அவனை வைத்துத்தான். குறியாள் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. பைலட் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத இந்த இரண்டு சட்டத்தின் மேல்தான் அந்த மலையில் அத்தனை உயிரும் தொங்கியது.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாசி மாத மதியத்தில் அதில் ஒன்று உடைந்தது. ஹெலிகாப்டரின் வலது கால் அங்ரூப்பின் மேல் இறங்கியது.

விசாரணையில் செண்பகராமன் சொன்னது இரண்டே வார்த்தை. "குறியாள் நகர்ந்தான்."

அவர் பேரில் முப்பத்தாறு வருடமாக ஒரு கீறல் கிடையாது. தாத்தா சுபேதார். அப்பா லடாக் பாதையில் ராணுவ லாரி ஓட்டியவர். அம்பாசமுத்திரத்து வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையின் ராணுவச் சான்றிதழ்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்கும். மூன்றிலும் நன்னடத்தைக்கு நேரே ஒரே சொல்: முன்மாதிரி. அப்படிப்பட்ட வீட்டு மனிதரின் சொல்லை அதிகாரிகள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள். அவரும் பொய் சொல்லவில்லை. சிவப்புச் சட்டை இடம் மாறியதைத் தன் கண்ணால் பார்த்தார். பார்த்ததைச் சொன்னார்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள், படத்து அங்ரூப் தலையைத் தூக்கினான்.

பின்னால் நான்கு ஜெர்மானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பால் கொட்டிய மாதிரி வெள்ளை. தரைக்கு எட்டடி இருக்கும்போது கவிழ்ந்திருந்த அந்த முகம் நிமிர்ந்து செண்பகராமனை நேராகப் பார்த்தது. கோபமில்லை, பகையில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பவன் முகம். செண்பகராமனின் கை ஒரு நொடி தடுமாறியது. ஹெலிகாப்டர் பொத்தென்று பனியில் உட்கார்ந்தது.

மாலையில் டீக் கொட்டகையில் மச்சாடோ அவரைப் பிடித்துக்கொண்டான். தூத்துக்குடிப் பையன், முப்பது வயது, அடுத்த ஹெலிகாப்டரின் பைலட்.

"என்ன சார், இன்னைக்கு நெல்லு மூட்டைய எறக்குன மாதிரி எறக்கிட்டியளாமே? ஜெர்மன்காரன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டே திரியுதான்."

"காத்து."

"காத்தா? எனக்கு அடிக்கலையே."

"ஒன் மூஞ்சியப் பாத்து ஒதுங்கிப் போயிருக்கும்."

மச்சாடோ சிரித்தான். செண்பகராமன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பார்வையை வேறெங்கோ வைத்தபடி கேட்டார்.

"ஒனக்கு அந்தக் குறி... எறங்கும்போது தலைய நிமித்துதா?"

"யாரு, அங்ரூப் அண்ணனா? இல்லையே சார். அவரு பாட்டுக்கு உக்காந்திருக்காரு. நான் தெனமும் மனசுக்குள்ள 'வரட்டாண்ணே'னு கேட்டுட்டுத்தான் எறக்குதேன்."

நான்கு நாள் பொறுத்தார். நான்கு நாளும், ஒவ்வொரு இறக்கத்திலும், அதே எட்டடியில் அந்தத் தலை நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் ஹெல்மெட்டுகளைச் சரிபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து கோகிலவாணி வந்திருந்தாள். அந்த முன்கண்ணாடியை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருத்தி. செண்பகராமன் ஹெல்மெட்டை அவள் மேசைமேல் வைத்தார்.

"இந்த ஆள எதுக்கும்மா வரைஞ்சீங்க? ஒரு கோடு போட்டா ஆகாதா?"

"போட்டுப் பார்த்தோமுங்க சார். கோடு, வட்டம், நம்பர் எல்லாமே. பைலட்டுங்க வாந்தி எடுத்தாங்க. மனுசக் கண்ணு கோட்டை நம்பறதில்லீங்க, மனுசனத்தான் நம்புது. ஒரு ஆளு மண்டி போட்டா எவ்வளவு உசரம்னு கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்களே."

"சரி. எத்தனையோ ஆளு இருக்கான். எதுக்கு இவன்?"

"நாங்க யாரையும் பொறுக்கி எடுக்கலீங்க. பழைய ஹெல்மெட் பதிவு நாலாயிரம் இறக்கத்த அதுக்குக் குடுத்தோம். முக்காவாசி உங்களது. அது அத்தனையிலயும் மண்டி போட்டிருந்தது அவருதான். எந்த உருவத்த நம்பி பைலட்டுங்க பத்திரமா இறங்கினாங்களோ, அத அது தானாக் கத்துக்கிச்சு."

"அவன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கோகிலவாணி ஹெல்மெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அத கம்பெனி பார்த்துக்கும்னாங்க."

ஹெல்மெட்டில் வயரைச் செருகி, திரையில் ஓடிய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சார், அது சும்மா தலையத் தூக்கலீங்க. உங்களக் கூப்பிடுது."

"என்னம்மா சொல்லுதே?"

"அந்த உருவத்தோட வேலையே உங்க கண்ணப் பிடிச்சு வெக்கறதுதானுங்க. கண்ணு நகர்ந்துச்சுன்னா எப்படியாவது திருப்பிக் கொண்டாரணும். மனுசக் கண்ணு எதுக்கு ஓடி வரும்? இன்னொரு முகத்துக்குத்தான். அத அது கண்டுபிடிச்சிருச்சு." விரலால் திரையைத் தொட்டாள். "எட்டடி வந்ததும் ஒவ்வொரு தடவையும் உங்க பார்வை இங்க போகுது. இடது பக்கம், கீழ. ஒரு நொடிக்கும் கொஞ்சம் மேல. அங்க என்னங்க சார் இருக்கு?"

அங்கே என்ன இருக்கிறது என்று செண்பகராமனுக்குத் தெரியும். கட்டைவிரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு. அதில் அவர்கள் குலதெய்வம் சாஸ்தா. அப்பா தன் லாரியில் வைத்திருந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும், வண்டியை நிறுத்தியபின், அப்பா அதை ஒரு பார்வை பார்ப்பார். வாய் திறந்து வேண்டமாட்டார், கும்பிடமாட்டார். பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தாய் என்று ஒரு பார்வை. மகனும் அதையே செய்து வந்தார். ஹெலிகாப்டர் தரையைத் தொட்டபின் ஒரு பார்வை. இருபதாயிரம் இறக்கத்தில் அந்தப் பார்வை அவருக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்திருக்கிறது. தொட்டபின் சொல்ல வேண்டிய நன்றியைத் தொடுவதற்கு எட்டடி முன்பே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு சாமி தகடும்மா. அன்னைக்கு உள்ள பதிவு இருக்கா?" என்றார். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"இருக்குதுங்க. அப்ப கண் பதிவ ஆராய்ச்சிக்குன்னுதான் சேர்த்துட்டு இருந்தோம். விசாரணையில யாரும் கேக்கல. நான் இன்னும் திறக்கலீங்க."

"திற."

திரையில் வெள்ளை. வெள்ளைக்கு நடுவே சிவப்புச் சட்டை. அதன்மேல் ஒரு சிறு பச்சைப் புள்ளி. அதுதான் அவர் பார்வை. எட்டடியில் அந்தப் புள்ளி சிவப்பை விட்டு இடது பக்கம் இறங்கியது. அது அங்கே இருந்த நேரத்தில் ஹெலிகாப்டரே மெல்ல வலது பக்கம் நழுவியது. புள்ளி திரும்பி வந்தபோது, சிவப்பு முன்பிருந்த இடத்தில் இல்லை. அந்தச் சிவப்பு நிமிரவில்லை, திரும்பவில்லை. முகம் கவிழ்ந்தபடி, கட்டையை அணைத்தபடி, மேலே இறங்குவது தெரியாமல் அப்படியே இருந்தது.

நகர்ந்தது அவர்தான்.

கோகிலவாணி திரையை அணைத்தாள். மெல்லிய குரலில் சொன்னாள்.

"இது எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் சார் தெரியும். நீங்க அந்தத் தகட்ட எடுத்துட்டா அவரு தலையத் தூக்கமாட்டாரு. இந்தப் பதிவ நான் மறுபடி திறக்க வேண்டியதில்லீங்க."

செண்பகராமன் வெளியே வந்து நிறுத்தியிருந்த ஹெலிகாப்டரைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கூடத்துச் சுவர் கண்ணுக்குள் வந்தது. நாளைக்கு இது பேப்பரில் வந்தால், அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? அப்பா பெயரை எப்படிச் சொல்வார்கள்? நாற்பது வயது மகன் விமானப்படையில் பயிற்சி ஆசிரியன். அவன் மாணவர்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள்? எல்லாம் நினைத்தார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், ஆற்றுக்கு அப்பால் இருந்த கிராமமும் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. அங்கே அங்ரூப்பின் வீட்டை இப்போது 'எழுந்தவன் வீடு' என்று சொல்கிறார்கள். நான்கு தலைமுறையாக மலை வழிகாட்டிகளாக இருந்த குடும்பம். அங்ரூப்பின் அக்கா தேச்சின், பள்ளத்தாக்கிலேயே பேர் பெற்ற வழிகாட்டி, அந்த விசாரணைக்குப்பின் எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லை. குறியாக இருந்து அசைந்த வீட்டாரை நம்பி யார் மலையேறுவார்?

தன் வீட்டு மானம் இரண்டு வருடமாக இன்னொரு வீட்டின் கழுத்தில் கால் வைத்து நின்றிருக்கிறது. அதை மானம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அன்றைக்கே லைசென்சை ஒப்படைத்தார். கோகிலவாணியிடம் பதிவை வாங்கி இணைத்து விசாரணை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதினெட்டாம் நாள் பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, கோப்பு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது. கம்பெனி மேலாளர் கையைப் பிசைந்தார். "மனுசக் குறி தப்பு பண்ணும், இந்தக் கண்ணாடி பண்ணாதுன்னு சொல்லித்தானே கேப்டன் இதை வாங்கினோம்? இப்ப மாத்திச் சொல்ல முடியுமா?"

செண்பகராமன் ஆற்றைக் கடந்து தேச்சின் வீட்டுக்குப் போனார்.

தேச்சின் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. அவரைப் போலவே வளையாத முதுகு. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் நின்றபடியே, ராணுவத்தில் கற்ற இந்தியில், எதையும் விடாமல் சொல்லி முடித்தார். அவள் மண்வாரியைச் சுவரில் சாய்த்தாள்.

"எனக்குத் தெரியும் கேப்டன் சாப்."

"தெரியுமா?"

"அவனைத் தோண்டி எடுத்தது யாரு? நான். முழங்கால் பதிஞ்ச குழி ரெண்டும் அச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. எழுந்திருந்தா ஓரம் உடைஞ்சிருக்காதா? அதிகாரிங்ககிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். 'கேப்டன் வேற மாதிரி சொல்றாரே'ன்னாங்க. உங்க பேர் பெரிசு. எங்க குழி சின்னது."

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஊரைக் கூட்டுங்க. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"முடியாது."

"ஏன்?"

"குறியாளைப் பத்திப் பேச, குறியா இருந்தவனுக்குத்தான் எங்க வழிகாட்டிகள் சபையில உரிமை, அதுவும் சொந்தக்காரங்களுக்கு இல்ல. விசிறி தலைக்கு மேல வந்து, இறங்கி, ஓயுற வரைக்கும் எழாம இருந்தவன் வார்த்தைதான் ஏறும். எத்தனை ஆயிரம் தடவை இறக்கினாலும் பைலட் பைலட்தான்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு மண்டி போடத் தெரியுமா?"

செண்பகராமன் வாழ்நாளில் யார் முன்னாலும் மண்டியிட்டதில்லை. "தெரிஞ்சுக்கிடுதேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இந்தியில் சொன்னார்.

சறுக்குக் காலம் முடியும் வாரத்தில், மேகம் இறங்கிய ஒரு காலை, மச்சாடோ இருவரையும் முகட்டில் இறக்கிவிட்டு ஒரு சுற்றுப் போனான். தேச்சின் நாற்பது அடி தள்ளி ஒரு பாறை மறைவில் நின்றுகொண்டாள். செண்பகராமன் முழங்காலை ஊன்றினார். கட்டைகளை அணைத்தார். முகத்தைக் கவிழ்த்தார்.

சத்தம் முதலில் வயிற்றுக்குள் வந்தது. பிறகு பனி எழும்பி, கண், மூக்கு, கழுத்து எல்லாவற்றிலும் ஊசியாக இறங்கியது. உலகத்தில் எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே பெரிதாக ஒன்று இருக்கிறது, அது இறங்குகிறது என்பது மட்டும் முதுகுத் தோலுக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவன் என்ன பார்க்கிறான், எங்கே பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பதினொரு வருடம், ஒரு நாளைக்கு முப்பது தடவை, அங்ரூப் இதைத் தாங்கியிருக்கிறான். தன் கண்ணை நம்பி. அந்த நினைப்பு வந்த கணத்தில் செண்பகராமனின் உடம்பு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கட்டை கையிலிருந்து நழுவியது. எழுந்தார். இரண்டு எட்டுப் பின்னால் போனார். இடறி மல்லாந்து விழுந்தார்.

விசிறி ஓய்ந்தது. பனிப்புகை அடங்கியபோது ஹெலிகாப்டர், அவர் மண்டியிட்டிருந்த குழிகளுக்குச் சரியாக ஒரு கை தள்ளி நின்றது. மச்சாடோ குதித்து ஓடி வந்து அவரைத் தூக்கிவிட்டான்.

"பிரமாதம் சார்! கல்லு மாதிரி இருந்தியளே!"

"நான் எந்திச்சுட்டேன்லே."

"எப்ப?"

"நீ எறங்கும்போது. பாக்கலையா?"

மச்சாடோவின் முகம் மெல்ல மாறியது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"நீங்க எனக்குத் தெரியவே இல்ல சார். ஒங்க எடத்துல அங்ரூப் அண்ணன்தான் உக்காந்திருந்தாரு. அவரு அசையல. நான் அவரைப் பாத்துத்தான் எறக்கினேன்."

பாறை மறைவிலிருந்து தேச்சின் பனியை உதறிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் புகையைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. மச்சாடோ குரலைத் தாழ்த்தித் தமிழில் அவசரமாகச் சொன்னான். "சார், யாருக்கும் தெரியாது. எந்திக்கலைன்னு சொல்லிருங்க. அவங்களுக்கும் நல்லதுதானே?"

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சபை கூடியது. வழிகாட்டிகள், ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார் ஒருவர், குறியாட்களின் பெயர்ப் புத்தகத்தோடு. அங்ரூப்பின் பெயருக்கு நேரே 'எழுந்தான்' என்று எழுதிய பக்கம் திறந்திருந்தது.

"ஓயும் வரைக்கும் இருந்தீர்களா?" என்று வாத்தியார் கேட்டார். சம்பிரதாயக் கேள்விதான், பேனா மூடியைத் திறந்தபடியே கேட்டார்.

செண்பகராமன் தேச்சினைப் பார்த்தார். ஒரு பொய் போதும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் அடிக்கப்படும். அதற்காகத்தான் வந்தார். ஆனால் அங்ரூப்பின் பெயரைத் தெரியாமல் சொன்ன ஒரு பொய்யால் கெடுத்தவர், இன்னொரு பொய்யால் அதைத் துடைப்பதா?

"இல்லை," என்றார். "நான் எழுந்துவிட்டேன். அங்ரூப் எழவில்லை."

கூடத்தில் முணுமுணுப்பு ஓடியது. மூத்தவர் ஒருவர் தலையை ஆட்டினார். "எழுந்தவன் வார்த்தை ஏறாது."

தேச்சின் எழுந்து நின்றாள்.

"எழுந்ததை இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் பார்க்கல. இறக்கினவரும் சொல்லல. தன்னையே விட்டுக்கொடுக்கிற வார்த்தை ஏறாட்டி, இந்தச் சபையில வேற எந்த வார்த்தை ஏறணும்?"

மூத்தவர் வாத்தியாரைப் பார்த்து, சரி என்று கையை அசைத்தார். வாத்தியார் 'எழுந்தான்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு புதுப் பக்கம் புரட்டினார்.

"சாட்சியையும் எழுதணும். எழுந்தவர் என்றும் எழுதணும். ரெண்டும் வரும். பெயர்?"

"செண்பகராமன்."

"யாருடைய மகன்?"

அந்தப் புத்தகத்தில் தகப்பன் பெயரில்லாமல் ஒரு பெயரும் ஏறியதில்லை. செண்பகராமன் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். தன் பெயரை எழுதட்டும். அப்பா பெயர் வேண்டாம் என்று கேட்டால் விட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரர், வயசாளி. கேட்டால் விட்டுவிடுவார்கள்.

முதுகை நிமிர்த்தினார்.

"முத்துக்குமாரசாமி மகன்."

வாத்தியாரின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. செண்பகராமன் இன்னொரு முறை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை நின்றார். பிறகு குனிந்து, சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.